ஒளி தரும் பிளாஸ்டிக்

கடிதம் எழுதிப் பதினைந்து நாள் காத்திருந்து ஊரின் க்ஷேமலாபங்களை அறிந்த தலைமுறை ஒன்று நம்மிடையே இருந்தது. இன்றோ கும்பகோணத்திலும் காரைக்குடியிலும் உள்ள பாட்டியின் முகத்தை மாலைதோறும் கைப்பேசியில் கண்ணாரக் காண்கிறோம். அந்த முகம் தோன்றுகின்ற பலகையைப் பற்றி மட்டும் நாம் அதிகம் எண்ணுவதில்லை. விலை சற்றுக் கூடிய கைப்பேசிகளில், பெரும்பாலும், திரைக்குப் பின்னால் விளக்கென்று ஒன்றும் கிடையாது. திரையின் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. கறுப்பாகத் தோன்றவேண்டிய புள்ளி அணைந்தே கிடக்கிறது. எரிகின்ற பொருள் உலோகமும் அன்று, வாயுவும் அன்று. கரி அணுக்களால் ஆன, சாயத்துக்கு உறவான ஒரு சேர்மம் அது. இவ்வகைத் திரையைத்தான் ஓ.எல்.இ.டி. என்று கடைக்காரர் சொல்லுகிறார்.

இதில் இரண்டு குலங்கள் உண்டு. ஒன்று, சிறு மூலக்கூறுகளால் ஆனது. மற்றொன்று, ஆயிரக்கணக்கான அணுக்கள் மாலைபோல் கோத்த நெடுஞ்சங்கிலிகளால், அதாவது பிளாஸ்டிக்கின் இனமான பாலிமர்களால் ஆனது. நம் கையிலுள்ள திரை முதற்குலத்தைச் சேர்ந்தது. இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. அதிக ஆரவாரத்தோடு வந்தது அதுவே. பந்தயத்தில் பின்தங்கியதும் அதுவே. ஏன் பின்தங்கியது, பின்தங்கிய பிறகும் ஆராய்ச்சியாளர் ஏன் அதைக் கைவிடவில்லை என்பதைச் சொல்லுவதே நமது நோக்கம்.

பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்பது நம் வீட்டுச் சிறுவனுக்கும் தெரியும். அதனால்தான் கம்பிகளின்மேல் அதைப் போர்த்தியிருக்கிறார்கள். சாதாரணப் பாலிமரில் எலெக்ட்ரான்கள், பழைய காலத்து ரயிலில் வழிநடை இல்லாத பெட்டிகளில் அடைபட்ட பிரயாணிகளைப் போன்றவை. ஏறிய பெட்டியிலேயே இருக்க வேண்டியதுதான். ஆனால் கரி அணுக்களுக்கு இடையே ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு, மறுபடி ஒற்றை, மறுபடி இரட்டை என்று மாறிமாறி வருமானால் நிலைமை வேறு. பெட்டிக்குப் பெட்டி கதவு திறந்து வழிநடை உண்டாகிவிடுகிறது. இரட்டைப் பிணைப்பிலுள்ள எலெக்ட்ரான்கள் ஓர் அணுவுக்கே உரியனவாக நில்லாமல் சங்கிலியின் நீளத்திற்குப் பரவி உலாவுகின்றன.

இந்த வழிநடையின் முதல் வியப்பு ஜப்பானில் தெரிந்தது. 1967-ஆம் ஆண்டில் தோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹிடெகி ஷிரகாவாவின் ஆய்வுக்கூடத்தில், சேர்க்க வேண்டிய வினையூக்கியின் அளவு தவறிப்போய், ஆயிரம் மடங்கு அதிகமாக விழுந்துவிட்டது. கறுப்புத் தூளாக வரவேண்டிய பாலி அசெட்டிலீன், வெள்ளித் தகடு போன்ற பளபளப்பான படலமாக வந்தது. பின்னர் அவர் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆலன் மக்டயர்மிட், ஆலன் ஹீகர் ஆகியோருடன் சேர்ந்து அந்தப் படலத்தை அயோடின் ஆவியில் காட்டினார். கடத்துந்திறன் ஒரு கோடி மடங்கு உயர்ந்தது. 1977-இல் இச்செய்தி வெளியாயிற்று; 2000-ஆம் ஆண்டில் மூவருக்கும் ரசாயனத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது.

மின்சாரம் ஓடுவது வேறு, வெளிச்சம் வருவது வேறு. அந்த இரண்டாவது வியப்புக்கு இடம் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடம். அங்கே ரிச்சர்ட் ஃபிரெண்ட் தலைமையில் ஜெரமி பரோஸ் என்ற இளைஞர் பாலிமர்களைக்கொண்டு மின்னணு உறுப்புகள் செய்துகொண்டிருந்தார். ரசாயனத் துறையில் ஆண்ட்ரூ ஹோம்ஸ் குழுவினர் பாலி பாரா ஃபினிலீன் வினிலீன் என்ற பொருளைச் செய்து தந்தனர். வாய் நிறைந்த இந்தப் பெயரைச் சுருக்கி பி.பி.வி. என்பர். மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் படலமாக இது உதவுமா என்று பார்ப்பதே பரோஸின் எண்ணம். 1989-இல் அப்படலத்தின் இருபுறமும் மின்வாய்களை வைத்து மின்னழுத்தத்தை ஏற்றியபோது அது மின்சாரத்தைத் தடுக்கவில்லை. பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் மெல்ல ஒளிவிட்டது. முதலில் காப்புரிமைக்கு விண்ணப்பம் போயிற்று. 1990 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. டோனல் பிராட்லி உள்ளிட்ட பலர் அதில் பங்காளிகள்.

அந்த வெளிச்சம் எவ்வளவு என்று கேட்டால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். 10,000 எலெக்ட்ரான்களைச் செலுத்தினால் 5 ஒளித்துகள்கள் வெளிவந்தன, அதாவது 0.05 சதவிகிதம். ஆயினும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் தங்கள் வேலையை நிறுத்திவிட்டு இதன் பக்கம் திரும்பின. அப்படித் திரும்பியதற்கு நியாயமான காரணம் இருந்தது.

அதைக் காண ஒளி பிறக்கும் விதத்தைச் சிறிது அறியவேண்டும். கண்ணாடித் தகட்டின்மேல், இண்டியமும் வெள்ளீயமும் கலந்த ஆக்ஸைடு பூசப்பட்டிருக்கும். அது ஒளி ஊடுருவும், மின்சாரமும் கடத்தும். அதன்மேல் பாலிமர்ப் படலம், சுமார் 100 நானோமீட்டர் கனம். தலைமயிரின் தடிப்பில் பலநூற்றில் ஒரு பங்குதான். அதற்குமேல் அலுமினியம் அல்லது கால்சியம். உலோகத்தின் வழியாக எலெக்ட்ரான்கள் நுழைகின்றன. எதிர்ப்பக்கத்தில் பாலிமரிலிருந்து எலெக்ட்ரான்கள் உருவப்பட்டு, காலியிடங்கள் உண்டாகின்றன. காலியிடம் நகருமா என்று ஐயுறவேண்டாம். பந்தியில் ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் அந்த இலைக்கு நகர, அவர் இலைக்கு மற்றவர் நகர, காலி இலை எதிர்த்திசையில் போவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? எலெக்ட்ரானும் காலியிடமும் ஒரே சங்கிலியில் சந்தித்து, எலெக்ட்ரான் மேல்நிலையிலிருந்து காலியிடத்தில் விழும்போது, அந்தச் சக்தி ஒளியாக வெளிப்படுகிறது. விழும் உயரம் எவ்வளவோ, அதற்கேற்ற நிறம். உயரம் அதிகமானால் நீலம்; குறைந்தால் சிவப்பு.

இந்த உயரத்தை ரசாயன அறிஞர் தம் விருப்பப்படி மாற்றலாம் என்பதே பாலிமரின் பெருமை. வழிநடை நீண்டால் உயரம் குறையும், குறுகினால் கூடும். இதை நம் நாட்டிலேயே அழகாகக் காட்டியிருக்கிறார்கள். பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் எஸ். ராமகிருஷ்ணனும் ஜி. பத்மநாபனும், சங்கிலியில் எத்தனை இரட்டைப் பிணைப்புகள் தோன்றவேண்டும், எத்தனை இடங்கள் ஒற்றையாகவே நின்றுவிடவேண்டும் என்பதைத் தாமே தீர்மானிக்கும் ஒரு முறையை வகுத்தார்கள். ரயில் உவமையில் சொன்னால், இடையிடையே கதவுகளைப் பூட்டினார்கள். பூட்டிய கதவுகள் மிகுதியான சங்கிலி நீலமாக ஒளிர்ந்தது. பூட்டு குறையக்குறைய நிறம் பச்சை, மஞ்சள் என்று நகர்ந்து செம்மஞ்சளை எட்டியது. பொருள் ஒன்றே, வெட்டு மட்டுமே வேறு. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க ரசாயனச் சங்கத்தின் இதழில் இது வெளிவந்தது. பாலிமர் ஒளியைப் பற்றி இத்துணைத் தெளிவாக விளக்கும் சோதனை வேறொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

அவர்கள் எடுத்துக்கொண்ட பாலிமர் முதன்முதல் ஒளிர்ந்த பி.பி.வி. அன்று, அதன் உறவினம். முதல் பி.பி.வி.யில் ஒரு குறை உண்டு. அது எதிலும் கரையாது. கரையக்கூடிய முன்பொருள் ஒன்றைப் பூசி, வெற்றிடத்தில் சூடேற்றி, அங்கேயே பி.பி.வி.யாக மாற்றவேண்டும். சங்கிலியின் பக்கவாட்டில் எண்ணெய்ப் பசையுள்ள வால்களை ஒட்டவைத்தால் முழுப் பாலிமரே கரையும் என்று கலிபோர்னியாவில் ஹீகரும் டேவிட் பிரௌனும் 1991-இல் காட்டினர். எம்.இ.எச்.-பி.பி.வி. என்ற அந்தப் பொருள் செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. கரைகிறது என்றால் அது மை ஆகிவிட்டது. மை என்றால் பூசலாம், தெளிக்கலாம், அச்சடிக்கலாம்! ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டு வேகமாகச் சுழற்றினால், தோசைமாவு கல்லில் பரவுவது போல் அது தானே பரவி, சீரான மென்படலமாக உலர்ந்துவிடும். பத்திரிகைத் தாள் அச்சாவது போல் திரைகளும் விளக்குகளும் சுருள் சுருளாக அச்சாகி வரும். கோடிக்கணக்கில் பணம் விழுங்கும் வெற்றிடத் தொழிற்சாலைகள் வேண்டாம். செல்வம் குறைந்த நாடுகளும் செய்துகொள்ளலாம். ஆய்வுக்கூடங்கள் திரும்பிப் பார்த்தது இந்தக் கனவை.

கனவு முழுதும் பொய் என்று சொல்ல மாட்டோம். கேம்பிரிட்ஜ் குழுவினர் 1992-இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் டிஸ்பிளே டெக்னாலஜி என்ற கம்பெனியும், ஜெர்மனியின் கோவியனும் நல்ல பாலிமர்களை உருவாக்கின. 2002-இல் பிலிப்ஸ் கம்பெனி பாலிமர்த் திரை பொருத்திய சவர இயந்திரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. உலகை மாற்றவந்த கண்டுபிடிப்பு முதலில் தாடையருகே போய்ச் சேர்ந்தது. 2004-இல் எப்ஸன் கம்பெனி, மைத்துளிகளை வீசி அச்சிடும் முறையில் 40 அங்குல மாதிரித் திரையைக் காட்டியது. ஆனால் கடைவீதியை வென்றவர் மற்றக் குலத்தார்.

அந்தக் குலத்தின் கதை இன்னும் பழையது. 1963-இல் நியூயார்க்கில் மார்ட்டின் போப் என்பவர் ஆந்த்ரசீன் படிகத்தை மின்சாரத்தால் ஒளிரச் செய்தார். அதற்குச் சுமார் 400 வோல்ட் தேவைப்பட்டது. 1987-இல் ராச்செஸ்டர் நகரத்துக் கோடாக் கம்பெனியில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும், இரண்டு மெல்லிய படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி 10 வோல்ட்டுக்கும் குறைவில் பச்சை ஒளி பெற்றனர். இந்த அடுக்கு என்னும் சொல்லில்தான் வெற்றியின் ரகசியம் இருக்கிறது. எலெக்ட்ரானை ஏந்திவர ஓர் அடுக்கு, காலியிடத்தை ஏந்திவர ஓர் அடுக்கு, சந்திப்பு நிகழ நடுவில் ஓர் அடுக்கு என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தால் சக்தி வீணாகாது.

இங்கே நம் வீட்டுப் பூஜையறைக் கற்பூரத்தை நினைத்துக்கொள்ளலாம். திறந்து வைத்த கற்பூரம் உருகாமலே ஆவியாகிவிடும். அந்த ஆவி குளிர்ந்தால் தூய கற்பூரமாகவே படியும். ஓ.எல்.இ.டி.யின் சிறு மூலக்கூறுகளும் வெற்றிடத்தில் சூடேற்றினால் இப்படியே ஆவியாகிப் படிகின்றன. இதில் இரண்டு லாபம். அழுக்கு பின்தங்கிவிடுகிறது, படிந்த அடுக்கைக் கலைக்காமல் அடுத்த அடுக்கைப் படியவைக்க முடிகிறது. பாலிமருக்கு இந்தப் பாக்கியம் இல்லை. அதன் சங்கிலி மிக நீண்டது. சூடேற்றினால் ஆவியாகாமல் சர்க்கரை போல் கருகும். மையாக இருக்கத் தகுதி தந்த அதே நீளம், கற்பூரமாக இருக்கும் தகுதியைப் பறித்துவிட்டது. அடுக்குவதும் சிரமம். சுவரில் ஒரு வர்ணம் பூசி, அதே எண்ணெயில் கலந்த இன்னொரு வர்ணத்தை மேலே பூசினால் கீழ்ப்பூச்சு கரைந்து கலங்கும் அல்லவா? இங்கும் அதே கதை. முதற்பூச்சு தண்ணீரில் மட்டுமே கரைவது, இரண்டாவது எண்ணெயில் மட்டுமே கரைவது என்று தந்திரம் செய்து இரண்டு மூன்று அடுக்குகள் வரை போனார்கள். பூசிய சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்துக் கரையாதபடி கெட்டிப்படுத்தவும் செய்தார்கள். ஆவிமுறையாரோ சிரமமின்றிப் பல அடுக்குகள் அடுக்கிக்கொண்டு போனார்கள்.

தூய்மை என்று சொன்னோம். அதில் உள்ள தொல்லையைக் கூறாமல் மேலே செல்ல முடியாது. ஒளிர் பாலிமர்கள் பலவற்றைக் கோக்க, அகிரா ஸுஸுகியின் பெயரால் வழங்கும் இணைப்பு வினை பயன்படுகிறது. 2010-இல் நோபெல் பரிசில் பங்குபெற்ற முறை அது. அதற்குப் பல்லேடியம் என்ற உலோகம் வேண்டும். வேலை முடிந்தபின் அந்த உலோகம் பத்து லட்சத்தில் சில பங்கு தங்கிவிட்டாலும் வெளிச்சத்தை அவித்துவிடும். ஒருமுறை செய்த சரக்கும் மறுமுறை செய்த சரக்கும் சங்கிலி நீளத்தில் ஒத்திருப்பதும் அரிது. ஒரே கையால் இட்ட அப்பளமே நாளுக்கு நாள் வேறுபடும்போது, அணு அணுவாகக் கோத்த மாலையைப் பற்றிக் கேட்பானேன்!

எல்லாவற்றிலும் பெரிய சங்கடம் நீலம். பாலி ஃபுளோரீன் என்ற வகை நல்ல நீலம் தருகிறது. ஆனால் சிறிது ஆக்ஸிஜன் தீண்டினால் சங்கிலியில் எங்கோ ஓரிடத்தில் அதன் வடிவம் மாறி, அந்த இடம் பச்சையாக ஒளிரத் தொடங்கும். ஓரிடம்தானே என்று விட முடியாது. வழிநடையில் உலாவும் சக்தி தாழ்ந்த இடத்தைத் தேடி ஓடும் இயல்புடையது; ஆகையால் நூற்றில் ஒரு குறை இருந்தாலும் மற்ற இடங்களின் சக்தியெல்லாம் அங்கே வந்து விழுந்து, நீலத் திரை வெளிறிய பச்சையாகிவிடும். கேடு நுழையும் கரி அணுவைச் சுற்றிப் பருமனான வளையங்களை அரணாக வைத்து இதைப் பெரிதும் தடுத்துள்ளனர். இருந்தும், சிவப்பும் பச்சையும் உழைக்கும் காலத்துக்கு நீலம் உழைப்பதில்லை. இக்குறை சிறு மூலக்கூறுகளுக்கும் உண்டு. பழகிய திரைகள் நாளடைவில் மஞ்சளித்துத் தோன்றுவதற்கு அதுவே ஒரு காரணம்.

ஈரமும் பகை. எலெக்ட்ரானை எளிதில் தரும் கால்சியம் போன்ற உலோகங்கள் காற்றுப்பட்டால் கெட்டு, திரையில் கரும்புள்ளிகள் விழும். இதைத் தடுக்கும் உறை எப்படி இருக்கவேண்டும் என்றால், ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நாள் முழுதும் ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீராவிக்குமேல் நுழையக் கூடாது. கண்ணாடி இதைச் செய்யும். சுருட்டக்கூடிய பிளாஸ்டிக் தாள் தானாகச் செய்யாது.

இன்னொரு தடை இயற்கையே இட்டது. எலெக்ட்ரானும் காலியிடமும் கூடும் விதங்கள் நான்கு. அவற்றுள் ஒன்றுதான் உடனே ஒளியாகும், மூன்று வெப்பமாக வீணாகும். 1998-இல் அமெரிக்காவில் ஃபாரஸ்டும் தாம்ஸனும் பிளாட்டினம் கொண்ட மூலக்கூறையும், அடுத்த ஆண்டில் இரிடியம் கொண்டதையும் சேர்த்து அந்த மூன்றையும் ஒளியாக்கினர். சிறு மூலக்கூற்றுத் திரைகளின் வலிமை இதனால் பன்மடங்காயிற்று. 2012-இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் சிஹாயா அடாச்சி, கன உலோகம் இல்லாமலே, சுற்றுப்புற வெப்பத்தின் உதவியால் வீணாகும் மூன்றையும் மீட்கும் வழியைக் காட்டினார்.

வாணிப வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேம்பிரிட்ஜ் கம்பெனியை 2007-இல் ஜப்பானின் ஸுமிடோமோ கெமிக்கல் வாங்கியது. அதே ஆண்டில் சோனி 11 அங்குலத் தொலைக்காட்சியைச் சிறு மூலக்கூறுகளால் செய்து விற்றது. வழி திறந்த கோடாக், தன் ஓ.எல்.இ.டி. தொழிலை 2009-இல் கொரியாவின் எல்.ஜி. குழுவுக்கு விற்றுவிட்டு, 2012-இல் திவால் மனுக் கொடுத்தது. அச்சுமுறையை நம்பி 2015-இல் ஜப்பானில் எழுந்த ஜே.ஓ.எல்.இ.டி. கம்பெனியும் 2023-இல் கடன்சுமையால் நீதிமன்றத்தை நாடியது. ஆனால் அச்சுமுறை அதோடு மாளவில்லை. 2024-இன் இறுதியில் சீனாவின் டி.சி.எல். கிளையொன்று, அச்சிட்ட திரைகளைத் தொழிற்சாலை அளவில் செய்யத் தொடங்கியதாக அறிவித்தது.

விளக்குத் துறையில் தோல்வி வேறு வகை. சுவர் முழுதும் மென்மையாக ஒளிரும் தாள் விளக்குகள் செய்ய முடியும், செய்தும் காட்டினர். ஆனால் அதற்குள் நாமெல்லோரும் வீட்டில் மாட்டியிருக்கும் சாதாரண எல்.இ.டி. பல்பு விலை சரிந்துவிட்டது. நம் நாட்டில் 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கு மேற்பட்ட பல்புகள் மக்களைச் சேர்ந்தன. 2014-இல் 310 ரூபாய்க்குக் கொள்முதலான பல்பு, 2016-இல் 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. அந்த விலையோடு போட்டியிட எந்தப் பாலிமராலும் ஆகாது. ஏழை வீட்டுக்கு வெளிச்சம் வேண்டும். அது எந்தப் பொருளிலிருந்து வந்தால் என்ன என்று நாம் மகிழ வேண்டியதே.

அப்படியானால் பாலிமர் எதற்கு என்ற கேள்வி எழும். நம் நாட்டிலும் கான்பூர் ஐ.ஐ.டி.யில் வளையும் மின்னணுச் சாதனங்களுக்கென ஒரு தேசிய மையம் அமைந்திருக்கிறதே, அவர்களை ஈர்ப்பது எது? விலை அன்று, வளைவு. கற்பூரக் கட்டியை இழுத்தால் உடையும். நீண்ட சங்கிலிகள் பின்னிய படலம் இழுத்தால் நீளும். 2023-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஸிஹோங் வாங் குழுவினர், அடாச்சியின் முறையையே பாலிமர்ச் சங்கிலிக்குள் அமைத்து, தன் நீளத்தைப்போல் இருமடங்குக்கு மேல் இழுத்தாலும் ஒளிரும் பொருளைச் செய்தனர். 10,000-க்கு 5 என்று தொடங்கிய கணக்கு, இப்பொருளில் 100-க்கு 10 என்னும் அளவுக்கு வந்திருக்கிறது. தோலின்மேல் ஒட்டி நாடித்துடிப்பைக் காட்டும் பட்டைகள், உடலோடு வளைந்து கொடுக்கும் மருத்துவக் கருவிகள் ஆகியவற்றுக்கு இத்தகைய பொருளே ஏற்றது.

நீலம் மட்டும் இன்னும் பிடிகொடுக்கவில்லை. ஆக்ஸிஜனுக்கு அஞ்சாத, நான்கில் மூன்றை வீணாக்காத, பல ஆண்டு உழைக்கும் நீலச் சங்கிலி ஒன்றைக் கோக்க, பல நாடுகளின் ஆய்வுக்கூடங்களில் இன்றும் குடுவைகள் கொதித்துக்கொண்டிருக்கின்றன.